குடியும் குற்றமும்

சிலப்பதிகாரத்து நீர்ப்படைக் காதையை முதுகலை வகுப்பிற் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்திற்கு ஆயிரம் பொற்கொல்லர் ஏன் சாக வேண்டும்?" என்று வினவினார். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணியுமாறு ஒரு பகலில் ஆயிரவரைப் பலியிட்டான் என்பது காப்பியச் செய்தி. உரைபெறு கட்டுரையும் அதனையே கூறி, அதன்பின் மழை பெய்து நாட்டின் நோயும் துன்பமும் நீங்கின என்று முடிக்கின்றது. அன்று வகுப்பில் யான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. வினவியவர் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஊரினர் என்பதும், அவர்தம் கொள்ளுப்பாட்டனார் இரவுதோறும் காவல்நிலையத்திற் சென்று தம் இருப்பைப் பதிவு செய்யவேண்டியிருந்த குடியிற் பிறந்தவர் என்பதும் பின்னரே தெரியவந்தன. இக்கட்டுரை அவ்வினாவிற்குக் காலந்தாழ்ந்து எழுதப்பெறும் விடையெனக் கொள்க.

குற்றம் செய்யும் இயல்பு குருதியில் வருவதா, கூடி வாழ்வாரால் வருவதா, வாழும் நிலத்தால் வருவதா என்பது இன்று மரபணு ஆய்வாளர் நடுவே பேசப்படும் செய்தி. தமிழிலக்கிய மாணவர்க்கு இதில் என்ன தொடர்பு என்று ஐயுறற்க. தமிழகத்தில் இக்கொள்கை சட்டமாக நின்ற காலத்தில், அது மண்டையோட்டையும் மூக்கின் அளவையும் மட்டும் துணைக்கொள்ளவில்லை. தமிழ்ச் சொற்களையும் சான்றுக்கு அழைத்தது. சொற்பொருள் பற்றிய வழக்காயின் அதனை நம் மன்றில் வைத்து ஆராய்தல் முறையே.

முதற்கண் கொலைக்களக் காதையை நோக்குவோம். பொற்கொல்லன் காட்டக் காவலர் கோவலனைக் காண்கின்றனர். கண்டவுடனே, இவனது உடலிலக்கணம் கொலைக்குரியவனது அன்று என்கின்றனர். ஆகவே, உடலமைப்பைக் கொண்டு ஒருவனைக் கள்வன் என்றும் அல்லன் என்றும் துணியும் வழக்கம் இளங்கோவடிகள் அறிந்ததே. ஈண்டு அத்துணிபு உண்மையாகவும் இருக்கின்றது, கோவலன் குற்றமற்றவன். இதனைக் கொண்டு அடிகள் உடலிலக்கண நூலை உடன்பட்டார் என்று கூறுவாரும் உளர். அக்கூற்று ஏற்புடைத்தன்று. காவலர்தம் துணிபு கோவலனைக் காக்கவில்லை என்பதை அவர்கள் எண்ணிலர். மேலும், கோவலன் அழகற்றவனாக, செம்மையற்ற உறுப்பினனாக வந்திருப்பின், அதே இலக்கண நூல் அவனைக் கொல்லச் சொல்லியிருக்கும். குற்றமற்றவன் ஒருவனை உறுப்பழகால் விடுவிக்கும் முறை, அழகற்ற மற்றொருவனை உறுப்பால் தூக்கிலிடும் முறையே ஆகும்.

பொற்கொல்லன் அவர்களை எவ்வாறு மறுக்கின்றான் என்பது இன்னும் ஊன்றி நோக்கத்தக்கது. இவன் சிலம்பைத் திருடியதை யான் கண்டேன் என்று அவன் கூறவில்லை. கோவலனைப் பற்றியே அவன் பேசவில்லை எனலாம். கள்வர் என்பார் எத்தகையோர் என்று விரித்துரைக்கின்றான். மந்திரம் முதலாகக் கருவி ஈறாக அவர்க்குரிய துணைகள் எட்டென எண்ணிக் காட்டி, ஒவ்வொன்றன் ஆற்றலையும் விளக்குகின்றான். அவ்விடத்து அவர்களை இழுக்குடைய 'மரபினர்' என்று சுட்டுதலையும் காண்க. மரபு என்பது ஆண்டு வழிவழி வந்த தொழில்முறை என்னும் பொருட்டு. குருதித் தொடர்பு என்பதன்று. காவலருள் இளையான் ஒருவன் உடனே, மாரிக்காலத்து நள்ளிருளில் உளியோடு வந்த கள்வன் ஒருவன் தன் வாளையே பறித்து மறைந்த கதையைக் கூறுகின்றான். அக்கதையும் கோவலனைப் பற்றியதன்று. கள்வர் வகையைப் பற்றிய பேச்சு வளர வளர, முன்னே நிற்கும் மனிதன் மறைந்து போகின்றான். கல்லாக் களிமகன் ஒருவன் வாளையெறிய வழக்கு முடிகின்றது. வகையைப் பற்றிய விரிவுரை, செயலைப் பற்றிய விசாரணையின் இடத்தைக் கவர்ந்துகொண்டமையே அங்கு நிகழ்ந்த கொடுமை.

இனி நீர்ப்படைக் காதை. கோவலனுக்கு இழைக்கப்பட்ட அதே அநீதி, ஆயிரம் மடங்காகிப் பொற்கொல்லர்க்கு இழைக்கப்படுகின்றது. ஒருவனை அவனது வகையாற் கொன்ற நாடு, அப்பிழையைத் தீர்த்தற்பொருட்டு ஒரு வகையினரையே கொல்லுகின்றது. காப்பியம் இதனைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அடிகள் வரலாற்றுச் செய்தியைக் கூறினாரேயன்றி உடன்பட்டாரல்லர் என்று அமைதி கூறுதல் எளிது. யானும் அன்று வகுப்பில் அதனையே கூறினேன். ஆயின் மழை பெய்தது என்ற முடிபு அவ்வமைதிக்கு இடந்தரவில்லை. தமிழிலக்கியம் முழுதும் இவ்வகையில் மாசற்றது என்று நிறுவும் விருப்பம் நம்மவர்க்கு மிகுதி. அவ்விருப்பத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் படிப்பதே நூலுக்குச் செய்யும் மதிப்பு. குடி முழுதையும் குற்றத்திற்கு ஈடாக்கும் எண்ணத்தை ஆங்கிலேயர் கப்பலில் ஏற்றி வரவில்லை. அவர்கள் கொணர்ந்தது அதற்குரிய பதிவேடு.

ஆயினும் அதே காப்பியத்தில் இதனின் வேறாய சிந்தனையும் உண்டு. வேட்டுவ வரியில் எயினர் ஊர்க் காட்சி வருகின்றது. சாலினி தெய்வமேறி ஆடி, எயினர் வலிகுன்றி அறக்குடியினரைப் போல அடங்கிவிட்டனர், அயலூர் மன்றங்களில் ஆநிரை பெருகிக் கிடக்கின்றது என்று இடித்துரைக்கின்றாள். கொள்ளை குருதியில் ஊறிய இயல்பாயின் இந்த இடித்துரைக்கு வேலை இல்லை. புலிக்குப் பாயுமாறு எவரும் குறி சொல்வதில்லை. மறவர் குடி ஓயவும் கூடும், அறக்குடியினரைப் போல வாழவும் கூடும் என்பது அவ்வூர்ச் சாலினிக்கே தெரிந்திருக்கின்றது. அதுதான் அவளது கவலை.

இதனைக் காடுகாண் காதையோடு இயைத்துக் காணல் வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து துயரம் தரும் நிலையே பாலை என்று ஆங்குக் கூறப்படுகின்றது. பாலைக்கெனத் தனிநிலம் இல்லை. பாலை நிலத்து ஆறலை கள்வர்க்கும் அவ்வாறே தனிக்குருதி இல்லை என்பது அதன் வழிப்போந்த முடிபு. மழை பொய்த்த நிலம் பாலையாகின்றது. வாழ்வு பொய்த்த குடி வழிப்பறிக்குச் செல்கின்றது. மழை பெய்யின் நிலம் மீளும். திணைக்கோட்பாட்டைக் காதற் பாடல்களின் பின்னணியாக மட்டும் கற்பித்துவரும் நாம், அது மக்கள் ஒழுக்கத்தைப் பற்றிய கொள்கையும் ஆதலைப் பெரிதும் விட்டுவிட்டோம்.

களவு என்னும் சொல்லே இதற்குச் சான்று. இறையனார் களவியலுரையாசிரியர், களவு என்ற சொல்லைக் கேட்டவுடன் அதனைத் தீதெனத் துணிதல் கூடாது என்பார். நஞ்சுண்டு சாகத் துணிந்த பெண்ணொருத்தி வைத்த நஞ்சை, அவளறியாமல் எடுத்துக் கொட்டியவன் செய்ததும் களவே என எடுத்துக்காட்டுவார். தொல்காப்பியர் வெட்சியில் ஆநிரை கவர்தலைக் களவு என்ற சொல்லாலேயே குறித்து, வேந்தன் ஏவலால் நிகழும் கடமையாக்குகின்றார். செயலின் நோக்கமும் சூழலும் சொல்லின் பொருளை அறுதியிடுகின்றன. திருக்குறள் இவ்வகையில் ஒருமுகமாக இல்லை: குடிமை அதிகாரம் நற்பண்புகளை உயர்குடிப் பிறப்பின் இயல்பு என்கின்றது, பெருமை அதிகாரமோ பிறப்பில் எல்லா உயிரும் ஒன்று என்கின்றது, சிற்றினம் சேராமையில் நிலத்தின் இயல்பால் நீர் திரிவது போலச் சேர்ந்த இனத்தால் அறிவு திரியும் என்ற உவமை வருகின்றது. இம்மூன்றையும் ஒருப்படுத்த உரையாசிரியர்கள் பட்ட பாட்டை வேறொரு கட்டுரையில் ஆராயலாம்.

இவ்வளவு நெகிழ்ச்சியுடைய சொல் ஒரு குடியின் பெயராக உறைந்தபோது நேர்ந்தது யாது? 1871-இல் வடஇந்தியப் பகுதிகட்கென இயற்றப்பெற்ற குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911-இல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. தச்சன் மகன் தச்சனாதல் போலக் கள்வன் மகன் கள்வனாவான் என்பதே சட்டத்தின் சார்பிற் கூறப்பட்ட காரணம். சாதித்தொழிலைப் பற்றிய இந்த எண்ணத்தோடு ஐரோப்பாவில் அந்நாளிற் பரவிய உடற்கூற்றுக் கொள்கை வந்து கலந்தது. இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ 1876-இல் வெளியிட்ட நூலில், பிறவிக் குற்றவாளி என்பான் முந்தைய விலங்குநிலைக்கு மீண்ட மனிதன் எனவும் அவனை மண்டையோட்டாலும் தாடையாலும் அறியலாம் எனவும் வாதிட்டிருந்தார். சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் தலையையும் அளந்து குடிகளை வகைப்படுத்தியதோடு, காவல்துறையினர்க்கும் உடலளவைக் கலையைக் கற்பித்தார். அவர்க்கு முன்னரே, 1892-இல், காவல்துறை அலுவலர் முல்லாலி இம்மாகாணத்தின் 'குற்ற வகுப்பினர்' பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அதில் கள்ளரும் மறவரும் குறவரும் தத்தம் 'துணைகளோடும்' 'கருவிகளோடும்' வருணிக்கப்படுகின்றனர். பொற்கொல்லனின் எட்டு வகையை அறிந்த தமிழ் மாணவர்க்கு இந்நூலின் நடை புதிதாகத் தோன்றாது.

1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தர்ஸ்டனின் நூலில், கள்ளர் என்ற பெயரின் பொருள் அக்குடியின் இயல்புக்குரிய விளக்கமாகவே நின்றுவிடுகின்றது. சொல்லாராய்ச்சியில் இதனினும் எளிய பிழை வேறில்லை. வேங்கடத்துப் புல்லியைக் கள்வர் கோமான் என மாமூலனார் பாடினார். அப்பெயரின் வேர் களவா கருமையா என அறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர். களவென்றே கொண்டாலும், வெட்சிக் களவா வீட்டுக் களவா என்ற வினா எஞ்சுகின்றது. பெயரைக் கொண்டு பிறவியைத் துணிவது, அறிவழகன் என்று பெயரிட்டமையால் தேர்வில் வெல்வான் என்பது போலாம்.

வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. பாளையக்காரர் காலத்தில் ஊர்க்காவலும் தேசகாவலும் இக்குடிகளின் உரிமையாக இருந்தன. களவு போன பொருளை மீட்டுத் தரத் துப்புக்கூலி பெறுதலும் அம்முறையின் பகுதியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி அரசு காவலுரிமையைப் பறித்துத் தன் காவலர்க்கு அளித்தது. அதன்பின் அதே மனிதன் அதே கூலியைக் கேட்டபோது அது குற்றமாயிற்று. வானம் பார்த்த பூமி, வரி, பஞ்சம். இளங்கோவடிகள் கூறிய இயல்பு திரிதல் இதுவன்றி வேறு யாது?

சட்டத்தின் கொடுமையைப் பலரும் எழுதியுள்ளனர். ஈண்டுச் சுருங்கக் கூறுவல். ஒரு குடியைக் குற்றப் பழங்குடி என அரசு அறிவிப்பின், அவ்வறிவிப்பு சரியா தவறா என எந்த நீதிமன்றமும் வினவுதல் கூடாது. மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். வெளியூர் செல்ல இராத்திரிச் சீட்டு வேண்டியிருந்தது. 1920 ஏப்பிரல் 3-இல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த பிறமலைக் கள்ளர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தனர் என்பது அப்பகுதியார் போற்றிவரும் நினைவு. வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்கள் பக்கம் நின்று வழக்காடினார். அவர்களால் ரோசாப்பூத் துரை என அழைக்கப்பெற்றார். முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் இயக்கம் நடத்தினர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுமைக்கும் 1952-இலும் சட்டம் நீங்கியது.

சட்டம் நீங்கியதும் கொள்கை நீங்கியதா என்பதற்கு எம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1899 சூன் 6-இல் சிவகாசியில் மறவர் முதலியோர் திரண்டு நாடார் குடியிருப்பைத் தாக்கினர். அதனை இரு குடிகளின் குருதிப்பகை என்று இன்றும் எழுதுவார் உளர். கோயில் நுழைவுரிமை வழக்கு ஒருபுறம். வாணிகத்தால் உயர்ந்துவந்த குடியொன்றின் புதுநிலை ஒருபுறம். காவலுரிமை இழந்து தாழ்ந்த குடியின் மனக்கொதிப்பு ஒருபுறம். இவற்றை விட்டுக் குருதியைத் தேட வேண்டுவதில்லை. அதற்கு அரை நூற்றாண்டின் முன், 1849-இல், கால்டுவெல் எழுதிய சிறுநூல் ஒன்று நாடார் குடியினரின் அறிவையும் ஒழுக்கத்தையும் மாறா இயல்புகளைப் போலத் தாழ்த்தி வருணித்தது. அக்குடியினர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். அந்நூலின் கணிப்பு என்னாயிற்று? விருதுநகர் வணிகர் தம்முள் திரட்டிய மகமைப் பணம் 1889-இல் சத்திரிய வித்தியாசாலையாயிற்று. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலைச் சிவகாசியில் நிறுவினர். அத்தொழிலைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. இரண்டு மூன்று தலைமுறையில் குருதி மாறுவதில்லை. மாறியவை கடையும் பள்ளியும் கூட்டு முதலும்.

பட்டாசைப் பற்றிக் கூறியதால் ஒன்று. 2012 செப்டம்பரில் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஆலையொன்று வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிம விதிகள் மீறப்பட்டமை அன்று பரவலாகப் பேசப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் இப்பகுதி அத்தகைய சாவுகளைக் கண்டுள்ளது. விதி மீறி ஆளடைத்து வேலைவாங்குவானது மரபணுவை ஆராய வேண்டும் என்று எவரும் கூறக் கேட்டிலேன். கன்னமிடுவானுக்கு மட்டுமே குருதிச் சோதனை.

இன்றைய அறிவியலின் நிலையையும் நடுவுநிலையோடு கூறல் கடன். லொம்புரோசோவின் கொள்கையைச் சார்லசு கோரிங் 1913-இலேயே ஏறத்தாழ மூவாயிரம் ஆங்கிலக் கைதிகளை அளந்து மறுத்துவிட்டார். குற்றவாளிக்கெனத் தனி உடல்வகை இல்லை என்பது அவர்தம் முடிபு. 1965-இல் இசுகாத்துலாந்து மருத்துவமனை ஒன்றில், மிகையாக ஓர் ஆண் குரோமோசோம் உடையார் எதிர்பார்த்ததினும் பலராகக் காணப்பட்டமை 'குற்றக் குரோமோசோம்' என முழக்கப்பட்டது; 1976-இல் வெளியான தென்மார்க்கு ஆய்வு, அத்தகையோர் வன்செயலில் மிக்கவரல்லர் எனக் காட்டியது. 1993-இல் ஒல்லாந்துக் குடும்பம் ஒன்றில் ஆண்கள் சிலரது வன்செயலோடு ஒரு மரபணுக் குறை தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது உண்மையே. ஆயின் 2002-இல் நியூசிலாந்து ஆய்வாளர், அம்மரபணுவின் ஆற்றல் குன்றிய வடிவம் குழந்தைப்பருவத்திற் கொடுமைக்குள்ளானவரிடத்தே தீய விளைவோடு பெரிதும் பொருந்தி வருவதைக் காட்டினர். தனியொருவன் சில இயல்புகளைப் பெற்றோர்வழிப் பெறுதல் கூடும். அதனை மறுத்தல் வீண். அதிலிருந்து ஒரு குடியின் ஒழுக்கத்திற்குத் தாவும் பாலம் எதனையும் இவ்வாய்வுகள் கட்டித்தரவில்லை.

இவ்வளவும் கூறியது, அண்மைக்காலத் தமிழ் நூல்கள் சிலவற்றை மதிப்பிடற்கு அளவுகோல் வேண்டியே. ந. மு. வேங்கடசாமி நாட்டாரின் கள்ளர் சரித்திரம் 1923-இல் வெளிவந்தது. பெருங்காமநல்லூர் நிகழ்ந்து மூன்றாண்டே கழிந்திருந்த காலம்; இழிவுரைக்கு விடையாகப் பழம்பெருமையை எடுத்துரைத்தல் அன்று இன்றியமையாததாக இருந்தது. பின்வந்தோர் அவரது புலமையை விடுத்துப் பெருமையை மட்டும் கைக்கொண்டனர். வீரம் எங்கள் குருதியில் ஊறியது என்று இன்று மேடையிலும் திரைப்பாடலிலும் முழங்குவோர், முல்லாலிக்கு விடையிறுத்ததாக நினைக்கின்றனர். அவர்கள் அவருடைய வினைச்சொல்லைத் தள்ளி எழுவாயை வைத்துக்கொண்டவர்கள். குருதி இயல்பைத் தரும் என்பதை ஒப்புக்கொண்டபின், எந்த இயல்பு என்று முடிவு செய்யும் உரிமை நம்மிடம் இராது. பதிவேடு வைத்திருப்பவனிடம் இருக்கும்.

சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் (2008) இவ்வகையில் இருமனம் கொண்ட நூல். 2011-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இப்பெருநாவல் தாதனூர்க் கள்ளரின் களவையும் காவலையும் விரித்துரைக்கின்றது. கன்னமிடும் நுட்பமும் அதற்குரிய கட்டுப்பாடும் கூறப்படுமிடங்கள் நூலின் உயிர். அவ்விடங்களில் களவு பயின்று பெறும் கலையாகவே நிற்கின்றது; பயிலவேண்டியது பிறவியன்று. ஆயின் ஆசிரியரது குரல் உயருமிடங்களில் அக்குடியின் இயல்பு தொன்மையான மறத்தின் தொடர்ச்சியாகிவிடுகின்றது. கதைப்பகுதி ஒன்றைக் கூற, நடை மற்றொன்றைக் கூறுகின்றது. விருதுநகரினரான வசந்தபாலன் இந்நாவலைத் தழுவி எடுத்த அரவான் (2012) திரைப்படத்திலும் இவ்விழுக்கு உண்டு. பெருநாழியினரான வேல ராமமூர்த்தியின் குற்றப் பரம்பரையில் சினமும் வேகமும் மிகுதி. சட்டத்தின் பெயரையே நூற்பெயராக்கிய துணிவு பாராட்டற்குரியது. அதன் மாந்தர் எண்ணுதற்குமுன் செயற்படுபவர். அதனால் கதை விரைகின்றது, வினா பின்தங்குகின்றது.

மல்லாங்கிணற்றிற் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் நெடுங்குருதி (2003) இவற்றுள் நம் பொருளுக்கு அணித்தானது. வேம்பலை என்னும் கற்பனையூர். வேம்பர் என்னும் கற்பனைக் குடி. களவுக்குப் பெயர்பெற்ற கூட்டம். ஊரைவிட்டு எறும்புகள் சாரைசாரையாக வெளியேறுவதை ஒரு சிறுவன் காண்பதோடு நூல் தொடங்குகின்றது. பகுதிகள் பருவங்களால் பெயர்பெறுகின்றன. அங்கே முதன்மை மாந்தன் வெயில் எனலாம். வேம்பர் களவாடுவதற்குக் காரணம் கூறுமாறு ஆசிரியரைக் கேட்பின் நிலத்தைச் சுட்டுவார் போலும்; அவ்வளவு வறட்சி ஒவ்வோர் ஏட்டிலும் படிந்துள்ளது. பாலைத்திணையின் கொள்கையை நம் காலத்து உரைநடையில் இத்துணைத் தெளிவாக எடுத்தாண்ட நூல் பிறிதொன்று யான் படித்திலேன். நிகழ்ச்சிகள் தளர்ந்து செல்லுதலும், மாந்தர் கனவிற் போல வந்து மறைதலும் குறைகளே. நடுப்பகுதியில் நூல் தன் எடையால் தானே தடுமாறுகின்றது. எனினும் குடிப்பெருமை பேசும் ஒரு வரியையும் அதிற் காணேன்.

அந்நூலின் பெயரை மட்டும் வைத்து, இஃது இரத்தவழிக் குணத்தைப் பாடும் நூல் எனச் சில மாணவர் ஆய்வேட்டில் எழுதியிருத்தலைக் கண்டேன். நெடுங்குருதி என்பது நெடுங்காலம் வழிவழி ஓடும் குருதி எனவும் பொருள்படும். நெடுந்தொலைவு சிந்திச் சென்ற குருதி எனவும் பொருள்படும். பெயர் இரண்டிற்கும் இடந்தருகின்றது. நூலினுட் புகின், உடலினுள் ஓடும் குருதியைவிட மண்ணிற் சிந்திய குருதியே மிகுதி.

மேற்கூறிய மாணவர் இப்போது நீர்ப்படைக் காதையையும் கொலைக்களக் காதையையும் ஒருங்குவைத்து ஆய்வேடு எழுதிவருகின்றார். பொற்கொல்லனுக்குக் காப்பியத்தில் பெயரில்லை என்பதை எனக்கு நினைவூட்டியவர் அவரே. வெட்டிய களிமகனுக்கும் பெயரில்லை; பலியிடப்பட்ட ஆயிரவருள் ஒருவர்க்கேனும் இல்லை.